வடக்கு மேலே இல்லை!



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

நான்காம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன். அப்பத்தாவைக் கண் டாக்டரிடம் காட்டுவதற்குத் துணையாக ராமநாதபுரம் போனான். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். அப்பத்தா அடித்துப் பிடித்து ஏறிவிட்டார். பேரன் பின்னாலேயே ஏறியிருப்பான் என்று நினைத்துவிட்டார். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. பையன் கீழே நிற்கிறான்.

அழுதுகொண்டு நின்றவனை ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்து, "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரில் நம் மாவட்டத்திலேயே நாலைந்து ஊர் இருக்கிறது. "பரமக்குடிப் பக்கமா, திருவாடானைப் பக்கமா, முதுகுளத்தூர்ப் பக்கமா?" தெரியவில்லை. "எந்த ஒன்றியம்?" தெரியவில்லை. "பக்கத்துல பெரிய ஊரு எது?" தெரியவில்லை. "பஸ்ல ஏறுவோம், அம்மன் கோயில்கிட்ட இறங்குவோம்" என்றான். நம் மாவட்டத்தில் அம்மன் கோயில் இல்லாத ஊர் எது?

ஊரில் இறங்கின பிறகுதான் அப்பத்தாவுக்குப் பேரன் இல்லை என்று தெரிந்தது. பதறி அடித்துத் திரும்பி வந்து பிள்ளையைப் பார்க்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நல்ல மனிதர் கையில் கிடைத்ததால் பிள்ளை கிடைத்தான்.

இதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் படிக்காத பிள்ளை இல்லை. இந்தியாவின் தலைநகரம் கேட்டால் சொல்வான். ஏழு கண்டங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது என்பான். ஆனால் அவன் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பூகோளம் படித்திருக்கிறான், பூமி தெரியவில்லை.

உங்க வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா?

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் முடிந்த பிறகு இதே பேச்சுத்தான். ஊக்குநர் சொன்னார்: "அவனை மட்டும் ஏன் சொல்றீங்க? நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பார்ப்போம்."

அன்று சாயங்காலமே மந்தையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வடக்கு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டோம். பதினோரு பிள்ளைகளில் எட்டுப் பேர் வானத்தைக் காட்டினார்கள். சிரிப்பாக இருந்தது. கேட்டால், "டீச்சர் சொன்னாங்க, மேலே வடக்கு, கீழே தெற்கு" என்கிறார்கள்.

டீச்சர் தப்பாகச் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் மேல் பக்கம் வடக்குத்தான். ஆனால் அது தாளில் போட்டுக்கொண்ட ஏற்பாடு. தரையில் பிள்ளை நிற்கும்போது வடக்கு என்பது வடக்குத் தெரு இருக்கிற பக்கம். இந்த ரெண்டையும் சேர்த்து யாரும் காட்டாததால், சுவரில் பார்த்ததை அப்படியே வானத்துக்கு ஏற்றிவிட்டார்கள் பிள்ளைகள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் தமிழில் 'மேல்' என்றால் வடக்கு இல்லை, மேற்கு. மேலத்தெரு என்றால் மேற்கே இருக்கிற தெரு. கீழத்தெரு என்றால் கிழக்கே இருக்கிற தெரு. ஏன் அப்படிப் பேர் வந்தது? தமிழ்நாட்டில் நிலம் மேற்கே மலையில் உயர்ந்து, கிழக்கே கடல் பக்கம் சரிந்து போகிறது. மேட்டுப் பக்கம் மேற்கு, கீழ்ப் பக்கம் கிழக்கு. வைகையும் காவிரியும் மேற்கே பிறந்து கிழக்கே ஓடுவது அதனால்தான். நம் முன்னோர்கள் நிலத்தைப் பார்த்துத் திசைக்குப் பேர் வைத்தார்கள். ஒரு தெருப் பெயருக்குள் ஒரு பூகோளப் பாடமே இருக்கிறது. அதைப் பிள்ளைக்கு யார் சொல்வது? நாம்தான்.

"நானே படிக்கல, எனக்கென்ன தெரியும்?"

இப்படித்தான் நம்மில் பாதிப் பேர் சொன்னோம். அப்போது ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "ஏன் மதினி, குழு ஆரம்பிச்ச புதுசுல கோலமாவுல ஊரு படம் போட்டோமே, மறந்துட்டீங்களா?"

உண்மைதான். ஊரில் எத்தனை வீடு, யார் வீடு கூரை வீடு, எங்கே குழாய், எங்கே ரேஷன் கடை என்று நடுத்தெருவில் கோலமாவும் செங்கல் பொடியும் வைத்து நாம்தான் படம் போட்டோம். கண்மாய்க்கு நீலப் பொடி, வயலுக்கு வேப்பிலை, வீட்டுக்குப் புளியங்கொட்டை. பேனா பிடிக்கத் தெரியாதவர்கள்கூட, "அந்த வீடு அங்க இல்ல, ஊரணிக்கு இந்தப் பக்கம்" என்று திருத்தினார்கள். அதற்குப் பெயர்தான் வரைபடம்.

தினமும் வாசலில் கோலம் போடுகிற நமக்கு அளவும் இடமும் கைவந்த விஷயம். வாடைக்காற்று எப்போது வரும், கச்சான் எப்போது அடிக்கும், எந்த மடை திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும், கரிசலில் என்ன போடலாம், உவர் நிலத்தில் என்ன வராது, எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் புவியியல் என்று சொல்வதில் பாதி நம் கையில் இருக்கிறது. மீதியை ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். ரெண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்குப் பாடம் நிற்கும்.

முதல் பாடம்: வாசலும் நிழலும்

காலையில் பிள்ளையைச் சூரியனைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். முகம் கிழக்கு, முதுகு மேற்கு. இடது கை வடக்கு, வலது கை தெற்கு. இதைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. "இடது கைப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "பனைமரம்." அப்படியானால் நம் வீட்டுக்குப் பனைமரம் இருக்கிற பக்கம் வடக்கு. அடையாளத்தோடு சொன்னால் பிள்ளை மறக்காது.

ஒரு எச்சரிக்கை. சூரியன் எல்லா நாளும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில்தான் நேர் கிழக்கில் உதிக்கும். டிசம்பர் கடைசியில் நன்றாகத் தெற்கே தள்ளியும், ஜூன் கடைசியில் வடக்கே தள்ளியும் உதிக்கும். வாசலில் ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒரு நாள், சூரியன் எந்த மரத்துக்கு நேரே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

அடுத்து நிழல். மண்ணில் நேராக ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒரு தரம் நிழல் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். காலையில் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும். சாயங்காலம் கிழக்கே நீளும். நடுப்பகலில்தான் ரொம்பக் குட்டை. அந்தக் குட்டை நிழல் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வடக்கைத்தான் காட்டும்.

நம் ராமநாதபுரம் பக்கத்தில் சித்திரை பிறக்கிற நாளை ஒட்டிப் பகல் பன்னிரண்டே கால் மணி வாக்கில் பாருங்கள். குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் ஒரு நாள் நிழல் மறையும். டெல்லியில் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் காட்சி ஒரு நாளும் கிடைக்காது. அவ்வளவு வடக்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதில்லை. கடகரேகை என்று புத்தகத்தில் ஒரு கோடு இருக்கிறதே, அதற்கு அர்த்தம் இதுதான். அந்தக் கோட்டுக்கு அப்பால் வடக்கே இருப்பவர்களுக்கு உச்சிச் சூரியன் கிடையாது. சூரியனை நேராக உற்றுப் பார்க்க விடாதீர்கள், கண்ணுக்குக் கெடுதல். நிழலைப் பார்த்தால் போதும்.

இரண்டாம் பாடம்: தரையிலிருந்து தாளுக்கு

பிள்ளைகளைச் சேர்த்து வைத்து, நாம் போட்ட மாதிரியே தரையில் படம் போடச் சொல்லுங்கள். முதலில் நான்கு திசையையும் நான்கு கல்லால் குறிக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடம், கண்மாய், ஊரணி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், கோயில், பள்ளிவாசல், மாதா கோயில். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை எட்டு என்று நடந்து எண்ணி வரச் சொல்லுங்கள். நூறு எட்டுக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் அளவும் வந்துவிடும். வரைபடத்தில் கீழே 'அளவை' என்று போட்டிருப்பது இதே கணக்குத்தான்.

தரைப் படம் முடிந்ததும், அதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரையச் சொல்லுங்கள். தாளைத் தரையிலேயே வைத்து, தாளின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். இதுதான் முக்கியம். அதன் பிறகு தாளைத் தூக்கிச் சுவரில் மாட்டுங்கள். தரையில் இருந்த வடக்கு சுவரில் ஏறும்போது மேல் பக்கம் வந்துவிடும். பிள்ளை கண் முன்னால் இது நடக்கும்போது, 'மேலே வடக்கு' என்று டீச்சர் சொன்னது அவனுக்கு விளங்கிவிடும்.

மாவட்ட வரைபடம், இந்தியா வரைபடம் எதுவானாலும் முதலில் தரையில் விரித்து, திசை பார்த்து வைத்துப் படிக்கட்டும். "இதோ இந்தப் பக்கம் போனால் மதுரை, இப்படிப் போனால் ராமேஸ்வரம்" என்று கையை நீட்டிக் காட்டலாம்.

இந்தப் பழக்கம் பெரியவனானபின் நிலத்துக்கும் உதவும். கிராம நிர்வாக அலுவலரிடம் நம் கிராம வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாததால், "இதுதான் உன் எல்லை" என்று யாரோ காட்டின இடத்தில் கல் ஊன்றிவிட்டு வந்த பெண்கள் நம் குழுக்களில் உண்டு. இன்றைக்குத் தெருப் படம் வாசிக்கிற பெண் பிள்ளை நாளைக்குத் தன் புலப்படத்தையும் வாசிக்கும்.

பிள்ளைகள் போட்ட படம் நமக்குச் சொன்னது

ஓர் ஊரில் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தனித்தனியாகப் படம் போடச் சொன்னோம். ஆண் பிள்ளைகள் படத்தில் கண்மாய், கலுங்கு, கிரிக்கெட் விளையாடுகிற பொட்டல், மெயின் ரோடு, அடுத்த ஊர் வரை இருந்தது. அதே வயசுப் பெண் பிள்ளைகள் படத்தில் வீடு, குழாய், கடை, பள்ளிக்கூடம். அவ்வளவுதான்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொம்பளைப் பிள்ளை அங்கே போகாதே, இங்கே போகாதே என்று சொல்லிச் சொல்லி, அவள் உலகத்தைக் குழாயடியோடு முடித்துவிட்டோம். பிறகு அவள் தனியாக ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் எப்படிப் போவாள்?

இன்னொரு ஊரில் பிள்ளைகள் போட்ட படத்தில் எல்லாத் தெருவும் இருந்தது, காலனி மட்டும் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. அவர்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை. காலனியிலிருந்து வந்த ஒரு சின்னப் பிள்ளை, "எங்க வீடு எங்கக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்றே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவையும் நடந்து பார்த்து, படத்தில் சேர்த்தோம். ஊர்ப் படம் என்றால் ஊரில் உள்ள எல்லோரும் அதில் இருக்க வேண்டும். இதைப் புத்தகம் சொல்லிக் கொடுக்காது.

மூன்றாம் பாடம்: குடத்துத் தண்ணீர் எங்கேயிருந்து வருது?

தண்ணீரைத் தேடி அலைந்த மாவட்டம் நம்முடையது. அதனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளைகளுக்குப் பாதி பூகோளம் சொல்லிவிடலாம்.

கண்மாய்த் தண்ணீரில் தொடங்குங்கள். வைகை தேனி மாவட்டத்தில் வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரை, சிவகங்கை வழியாக நம் மாவட்டத்துக்கு வருகிறது. மொத்தம் 258 கிலோமீட்டர். வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாயையும் தொட்டு, மிஞ்சினால் ஆற்றங்கரை பக்கம் கடலில் சேர்கிறது. 1895-ல் திறந்த பெரியாறு அணையால், மேற்கே கேரளப் பக்கம் ஓடுகிற தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது. மேற்கே மலையில் பெய்கிற மழைக்கும் நம் ஊர் நாற்றங்காலுக்கும் இருக்கிற உறவு இது.

நம் கண்மாய்கள் தனித்தனி இல்லை, சங்கிலி மாதிரி. ஒன்று நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தால் அடுத்ததுக்குப் போகும். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று நம் பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களையும் கேளுங்கள். 'ஏந்தல்' என்று முடிகிற ஊரில் கண்மாய் இருக்கும். 'பட்டினம்' என்று முடிகிற தேவிபட்டினமும் பெரியபட்டினமும் கடலோரம்.

இப்போது குழாய்த் தண்ணீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நம் ஊர்களுக்கு வருவது காவிரித் தண்ணீர். திருச்சிப் பக்கம் ஆற்றிலிருந்து எடுத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தக் காவிரி பிறப்பது கர்நாடகத்தில் குடகு மலையில். நம் இடுப்புக் குடத்தில் இருக்கிற தண்ணீர் ரெண்டு மாநிலம் கடந்து வந்தது என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகாது.

ஒரு ஊரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் வழியாக மேலே நடந்தோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. சீமைக்கருவேல் மண்டி வழியே தெரியவில்லை. "தண்ணி எப்படிம்மா வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்வியை அப்படியே கிராம சபையில் கேட்டோம். பாதித் தூரம் சுத்தம் செய்திருக்கிறார்கள். மீதியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான்காம் பாடம்: அப்பா போன் பேசுகிற நேரம்

நம் வீடுகளில் அப்பாவோ அத்தாவோ மாமாவோ சவூதியில் இருக்கிறார், இல்லையென்றால் சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறார். உலக உருண்டையைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நமக்குக் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 8.30 மணி. சவூதியில் விடிகாலை 3.30. கிழக்கே இருப்பவர்களுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது கடிகாரம். மேற்கே இருப்பவர்களுக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால்.

ஏன் என்று காட்ட ஒரு தேங்காயும் டார்ச் லைட்டும் போதும். தேங்காயில் நடுவில் ஒரு பொட்டு, அது நம் ஊர். வலது பக்கம் ஒரு பொட்டு சிங்கப்பூர். இடது பக்கம் ஒரு பொட்டு சவூதி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடித்துக்கொண்டு, தேங்காயை இடமிருந்து வலமாக மெதுவாகச் சுற்றுங்கள். எந்தப் பொட்டு முதலில் வெளிச்சத்துக்கு வருகிறது? சிங்கப்பூர். அடுத்து நாம். பிறகு சவூதி. "அதான் அத்தா இன்னும் தூங்குறாங்களா?" என்று பிள்ளையே கேட்கும்.

உயிரைக் காப்பாற்றிய பாடம்

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று சிலர் கேட்கிறார்கள். பரீட்சையைவிடப் பெரிய விஷயத்துக்கு வந்ததைச் சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனால் நமக்கு எச்சரிக்கை வரவில்லை, என்ன நடக்கிறது என்றும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரை இழந்தோம். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

அதே நாள் தாய்லாந்தில், புக்கெட் தீவின் மை காவ் கடற்கரையில் இங்கிலாந்திலிருந்து வந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுப் பெண் பிள்ளை அம்மா அப்பாவோடு நடந்துகொண்டிருந்தாள். கடல் தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். ரெண்டு வாரத்துக்கு முன்னால்தான் பூகோள வகுப்பில் ஆசிரியர் சுனாமி எப்படி வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். "சுனாமி வருது" என்று அந்தப் பிள்ளை கத்தி, அடம்பிடித்துச் சொன்னாள். பெற்றோர் காவலாளியிடம் சொன்னார்கள். கடற்கரையில் இருந்த நூறு பேர் வரை வெளியேறினார்கள். அந்தக் கரையில் ஒருவரும் சாகவில்லை.

இது படித்த ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். பூகம்பம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமிலுவே தீவு. 1907-ல் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஏராளமான பேர் செத்துப் போனார்கள். அதை அந்த ஊர்ப் பெரியவர்கள் மறக்கவில்லை. 'ஸ்மோங்' என்று அதற்குப் பேர் வைத்து, பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பூமி ஆடினால், கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். 2004-ல் பூமி ஆடியதும் தீவே மலைக்கு ஓடியது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் செத்தவர்கள் 7 பேர். பாட்டியும் அம்மாவும் சொல்லிக் கொடுத்த பூகோளம் ஒரு தீவையே காப்பாற்றியது.

நமக்கும் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கிய புயலில் ஓர் ஊரே அழிந்தது. ஓடிக்கொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பிள்ளைகள் அங்கே சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஏன் அழிந்தது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏன் வங்கக் கடலில் புயல் வருகிறது என்று சொல்கிறோமா?

கடலோர ஊர்ச் சகோதரிகள் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்:

• பூமி பலமாகவோ, ரொம்ப நேரமோ ஆடினால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், பொங்கினால், இரைந்தால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும்.
• கடல் உள்வாங்காமலும் அலை வரலாம்.
• ஒரு அலையோடு முடியாது. அதிகாரிகள் சொல்லும் வரை திரும்பக் கூடாது.
• நம் ஊரில் மேடு எது, புயல் பாதுகாப்புக் கட்டடம் எது, எந்த வழியாகப் போவது என்று பிள்ளையோடு ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

கண்மாய் ஊர்களில் கரை உடைந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும், எங்கே போவது என்றும் அதே மாதிரி நடந்து காட்டுங்கள்.

எந்த வயதில் எதைச் சொல்லலாம்?

1, 2-ஆம் வகுப்பு: நான்கு திசை, வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது, பள்ளிக்கு வழி. அம்மா அப்பா பெயர், ஒரு போன் நம்பர் மனப்பாடம்.

3-ஆம் வகுப்பு: தெருப் படம், ஊர்ப் படம். முழு முகவரி: தெரு, ஊர், ஊராட்சி, ஒன்றியம், வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு. பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதாகச் சொல்லுங்கள்.

4-ஆம் வகுப்பு: மாவட்ட வரைபடம். பஸ் வழியில் வருகிற ஊர்கள் வரிசையாக. கண்மாய், ஆறு, கடல், மண் வகை.

5-ஆம் வகுப்பு: தமிழ்நாடு, இந்தியா, உலக உருண்டை. அப்பா வேலை பார்க்கிற நாடு எங்கே? நாம் விற்கிற முண்டு மிளகாய் எந்த ஊர் வரை போகிறது?

தொலைந்து போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், போலீஸிடமோ கடைக்காரரிடமோ சொல்ல வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று எல்லா வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நம் பங்கு

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது சத்துணவு, கழிப்பறையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: மாவட்ட வரைபடம் பள்ளியில் இருக்கிறதா? உலக உருண்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகள் கையில் இருக்கிறதா? மாதம் ஒரு முறை பிள்ளைகளை ஊரைச் சுற்றிக் காட்ட ஆசிரியர் தயார் என்றால், துணைக்கு ரெண்டு உறுப்பினர் போவோம் என்று சொல்லுங்கள். ஆசிரியரைக் குறை சொல்லப் போக வேண்டாம். கூட நிற்கிறோம் என்று சொல்லப் போங்கள்.

பிள்ளை தொலைந்த அந்தக் குழுவில் இதைத் தீர்மானமாகவே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிச் சுவரில் இப்போது அந்தப் பிள்ளைகள் வரைந்த ஊர்ப் படம் மாட்டியிருக்கிறது.

அந்தப் பையனைப் போன மாதம் பார்த்தோம். "தம்பி, உங்க ஊரு எங்க இருக்கு?" என்று கேட்டோம். ஒரு நிமிஷம் சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஊர், ஊராட்சி, ஒன்றியம் எல்லாம் சொல்லிவிட்டு, "ராமநாதபுரத்துக்கு மேற்கால, மெயின் ரோட்டுல இறங்கி வடக்க ரெண்டு கிலோமீட்டர்" என்று கையை நீட்டினான். கை சரியான பக்கம்தான் நீண்டது. பக்கத்தில் நின்ற அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: "வடக்கு எங்க இருக்கு?" என்ன பதில் வந்தது என்று கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் போட்ட படத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர்ப் படத்தையும் ஒன்றாகத் தரையில் விரித்துச் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.